அணைந்த விளக்குச் சரத்தில் மின்சாரம் எங்கே?

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி



டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் நம் ஊர்த் தெருக்களின் அழகே தனி. வாசலில் காகித நட்சத்திரம், உள்ளே வைக்கோல் வேய்ந்த குடில், அவற்றைச் சுற்றிச் சிவப்பும் பச்சையும் நீலமுமாக மின்னும் விளக்குச் சரம்! கிறிஸ்துமஸுக்கு மட்டுமா? தீபாவளி, திருமண வீடு, கோயில் திருவிழா, கடைத் திறப்பு விழா என்று எந்த மகிழ்ச்சிக்கும் இந்தச் சரம் வந்துவிடுகிறது. 'சீரியல் செட்' என்றால் சிறு குழந்தைக்கும் தெரியும்.

இந்தச் சரத்திற்கு ஒரு குணம் உண்டு. நாற்பது பல்புகளில் ஒன்று கெட்டாலும் நாற்பதும் அணைந்துவிடும். உடனே வீட்டில் யாரேனும் சரத்தை மடியில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பல்பாகக் கழற்றி மாட்டிப் பார்க்கத் தொடங்குவர். "பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பாருங்களேன்" என்று நாம் சொன்னால், "எரியாத சரத்தில் கரண்ட் ஏது? பயந்தாங்கொள்ளி!" என்று பதில் வரும்.

எரியாத சரத்தில் உண்மையிலேயே மின்சாரம் இல்லையா? இக்கேள்விக்கு விடை சொல்ல பெரிய விஞ்ஞானி வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடத்தில் வரும் ஒரு சிறு கணக்கே போதும். பெருக்கலும் வகுத்தலும் அறிந்த ஆறாம் வகுப்புத் தங்கையரும் என்னுடன் வரலாம். அக்கணக்கைப் படிப்படியாகக் காண்போம்.

மூன்று அளவுகள்

மொட்டைமாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதிலிருந்து குழாய் கீழே வருகிறது. தொட்டி உயரத்தில் இருப்பதால் தண்ணீருக்கு அழுத்தம் கிடைக்கிறது. அழுத்தம் இருப்பதால் குழாயில் தண்ணீர் ஓடுகிறது. குழாய் குறுகலாக இருந்தாலோ, உள்ளே பாசி அடைத்திருந்தாலோ ஓட்டம் குறைகிறது. அழுத்தம், ஓட்டம், தடை ஆகிய இம்மூன்றும் மின்சாரத்திலும் உண்டு.

தண்ணீரின் அழுத்தம் போன்றது மின்னழுத்தம். இதனை வோல்ட் என்னும் அலகால் அளக்கிறோம். தண்ணீரின் ஓட்டம் போன்றது மின்னோட்டம். இதன் அலகு ஆம்பியர். குழாயின் குறுகல் போன்றது மின்தடை. இதன் அலகு ஓம். ஒரு டார்ச் செல்லின் மின்னழுத்தம் 1.5 வோல்ட். நம் வீட்டுச் சுவரில் உள்ள பிளக்கிற்கு வருவது 230 வோல்ட்.

இம்மூன்று அளவுகளுக்கும் உள்ள உறவைக் கண்டுபிடித்தவர் ஜார்ஜ் சைமன் ஓம் என்னும் ஜெர்மானியர். 1789-ஆம் ஆண்டில் எர்லாங்கன் நகரில் ஒரு பூட்டுத் தொழிலாளியின் மகனாகப் பிறந்த இவர், கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். அக்காலத்து மின்கலங்கள் நொடிக்கு நொடி வலுவிழந்து சோதனையைக் கெடுத்தன. எனவே அவர் செம்பையும் பிஸ்மத்தையும் இணைத்து, ஒரு சந்திப்பைக் கொதிநீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்து, மாறாத மின்னழுத்தத்தைப் பெற்றார். பலவகை நீளமுள்ள கம்பிகளை ஒவ்வொன்றாக இணைத்துப் பொறுமையோடு அளந்தார். 1827-இல் தம் நூலை வெளியிட்டார். முதலில் அவர் நாட்டு அறிஞர் பலர் அதனை ஏற்கவில்லை. 1841-இல் இலண்டன் ராயல் கழகம் காப்ளி பதக்கம் வழங்கியபோதுதான் அவர் பெருமை ஓங்கியது. இன்று மின்தடையின் அலகே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஓம் விதி மூன்று வடிவங்களில் நமக்குப் பயன்படும்:

மின்னோட்டம் = மின்னழுத்தம் ÷ மின்தடை
மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை
மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம்

இரண்டு தெரிந்தால் மூன்றாவதைக் கண்டுபிடித்துவிடலாம்.

தொடர் இணைப்பு என்றால் என்ன?

காலை வழிபாடு முடிந்ததும் நாம் ஒருவர் பின் ஒருவராக வரிசையில் வகுப்புக்குச் செல்கிறோம். வழியில் மூன்று கதவுகள் இருக்கின்றன. வேறு வழி இல்லை. முதற் கதவை ஒரு நிமிடத்தில் முப்பது பேர் கடந்தால் இரண்டாம் கதவையும் முப்பது பேர்தான் கடப்பர். மூன்றாம் கதவையும் அப்படியே. நடுவில் யாரும் மறைந்துவிடுவதில்லை. மூன்றாம் கதவு மிகவும் குறுகலாக இருந்தால் அங்கு மட்டுமா வேகம் குறையும்? வரிசை முழுவதும் வேகம் குறையும்.

ஒரே வழியில் ஒன்றன்பின் ஒன்றாக மின்தடைகளை இணைப்பதே தொடர் இணைப்பு. இதற்கு இரண்டு விதிகள் உள்ளன.

முதல் விதி: தொடர் இணைப்பில் எல்லா இடத்திலும் மின்னோட்டம் ஒன்றே. முதற் பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிட்டு மிச்சத்தை அடுத்த பல்புக்குக் கொடுப்பதில்லை.

இரண்டாம் விதி: மின்னழுத்தம் மின்தடைகளுக்கிடையே பங்கிடப்படுகிறது. எல்லாப் பங்குகளையும் கூட்டினால் கொடுத்த மின்னழுத்தம் அப்படியே கிடைக்கும். கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது.

இந்த இரண்டாம் விதி, 1845-இல் குஸ்தாவ் கிர்க்காஃப் என்னும் ஜெர்மானிய அறிஞர் வெளியிட்ட விதிகளில் ஒன்றிலிருந்து வருவது. அதனை வெளியிட்டபோது அவர் இருபத்தொரு வயது மாணவர் என்பது நமக்கெல்லாம் ஊக்கம் தரும் செய்தி அல்லவா?

ஓர் எளிய கணக்கு பார்ப்போம். 12 வோல்ட் மின்கல அடுக்கு ஒன்றுடன் 2 ஓம், 4 ஓம், 6 ஓம் ஆகிய மூன்று மின்தடைகள் தொடராக இணைக்கப்பட்டுள்ளன.

மொத்த மின்தடை = 2 + 4 + 6 = 12 ஓம்
மின்னோட்டம் = 12 ÷ 12 = 1 ஆம்பியர்
2 ஓம் மின்தடையின் பங்கு = 1 × 2 = 2 வோல்ட்
4 ஓம் மின்தடையின் பங்கு = 1 × 4 = 4 வோல்ட்
6 ஓம் மின்தடையின் பங்கு = 1 × 6 = 6 வோல்ட்
சரிபார்த்தல்: 2 + 4 + 6 = 12 வோல்ட்

கடைசி வரியை எழுத மறக்கக் கூடாது. பங்குகளின் கூட்டல் கொடுத்த மின்னழுத்தத்திற்குச் சமமாக வரவில்லையென்றால், எங்கோ கணக்குத் தவறியிருக்கிறது என்று பொருள். பரீட்சையிலும் இது நம்மைக் காப்பாற்றும்.

பெரிய தடைக்கே பெரிய பங்கு

மேலே உள்ள கணக்கில் ஒன்றைக் கவனியுங்கள். அதிக மின்தடை உள்ளதற்கு அதிக மின்னழுத்தம் கிடைத்தது. இக்கட்டுரையில் நாம் நினைவில் வைக்க வேண்டிய முக்கியக் கருத்து இதுதான். இதைக் கொண்டு ஒரு புதிரை விடுவிக்கலாம்.

60 வாட் குண்டு பல்பு ஒன்றையும் 100 வாட் குண்டு பல்பு ஒன்றையும் தொடராக இணைத்து 230 வோல்ட் கொடுத்தால் எது அதிகப் பிரகாசமாக எரியும்? '100 வாட்' என்றுதான் பலரும் சொல்வர். கணக்கைக் கேட்போம். பல்பின் மின்தடையை அறிய, மின்னழுத்தத்தை அதனாலேயே பெருக்கி வாட் எண்ணால் வகுக்க வேண்டும்.

60 வாட் பல்பின் மின்தடை = 230 × 230 ÷ 60 = ஏறக்குறைய 882 ஓம்
100 வாட் பல்பின் மின்தடை = 230 × 230 ÷ 100 = 529 ஓம்
மொத்தம் = 1411 ஓம்
மின்னோட்டம் = 230 ÷ 1411 = 0.163 ஆம்பியர்
60 வாட் பல்பின் பங்கு = 0.163 × 882 = ஏறக்குறைய 144 வோல்ட்
100 வாட் பல்பின் பங்கு = 0.163 × 529 = ஏறக்குறைய 86 வோல்ட்

இரண்டிலும் ஒரே மின்னோட்டம். ஆனால் 60 வாட் பல்புக்கு மின்னழுத்தம் அதிகம். எனவே அதுவே பிரகாசமாக எரியும். 100 வாட் பல்பு மங்கிக் கிடக்கும். இழை குறைவாகச் சூடாகும்போது அதன் மின்தடையும் சற்றுக் குறையும். ஆதலால் உண்மை எண்கள் சிறிது மாறும். ஆனால் வெற்றி 60 வாட்டுக்கே.

இப்போது சரத்திற்கு வருவோம்

இழைப் பல்புகள் கொண்ட ஒரு சரத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 40 பல்புகள் தொடராக உள்ளன. எரியும்போது ஒவ்வொன்றின் மின்தடையும் 60 ஓம் என்று வைத்துக்கொள்வோம்.

மொத்த மின்தடை = 40 × 60 = 2400 ஓம்
மின்னோட்டம் = 230 ÷ 2400 = 0.096 ஆம்பியர்
ஒரு பல்பின் பங்கு = 230 ÷ 40 = 5.75 வோல்ட்

6 வோல்ட் தாங்கும் சின்னஞ்சிறு பல்பு 230 வோல்ட் பிளக்கில் எரியும் விந்தை இப்படித்தான் நடக்கிறது. நாற்பது பேரும் சுமையைப் பங்கிட்டுக்கொள்வதால் ஒருவர்மீதும் பாரம் அதிகமாக விழவில்லை. நம் வீட்டிற்கு வருவது மாறுதிசை மின்னோட்டமாயினும், வெறும் மின்தடைகள் மட்டும் உள்ள சுற்றில் இக்கணக்கு மாறாது.

ஒரு பல்பின் இழை அறுந்துவிட்டால் வழி துண்டிக்கப்படுகிறது. வழி இல்லாததால் மின்னோட்டம் எங்கும் ஓடாது. நாற்பதும் அணைகின்றன. இதுவரை எல்லோருக்கும் தெரியும். ஆனால் மின்னழுத்தம் என்ன ஆயிற்று?

ஆய்வுக்கூடத்தில் கண்டது

எங்கள் அறிவியல் ஆசிரியை இதை ஆய்வுக்கூடத்தில் எவ்வித ஆபத்தும் இல்லாமல் செய்து காட்டினார். மூன்று டார்ச் செல்களைத் தொடராக அடுக்கினால் 4.5 வோல்ட் கிடைக்கும். அத்துடன் ஒரே மாதிரியான மூன்று டார்ச் பல்புகளைத் தொடராக இணைத்தார். மூன்றும் எரிந்தன. வோல்ட் மீட்டரை ஒவ்வொரு பல்பின் இரு முனைகளிலும் வைத்துக் காட்டினார். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 1.5 வோல்ட். எதிர்பார்த்ததுதான்.

பிறகு நடுப் பல்பைக் கழற்றி எடுத்தார். மற்ற இரண்டும் அணைந்தன. "இப்போது முதற் பல்பில் எத்தனை வோல்ட் காட்டும்?" என்று கேட்டார். மின்னோட்டம் பூஜ்யம், பூஜ்யத்தை எந்த மின்தடையால் பெருக்கினாலும் பூஜ்யமே. மீட்டரும் பூஜ்யத்தையே காட்டியது. மூன்றாவது பல்பிலும் அவ்வாறே. "அப்படியானால் பல்பு கழற்றிய காலி ஹோல்டரில்?" என்று அடுத்துக் கேட்டார். வகுப்பில் பாதிப்பேர், "அங்குப் பல்பே இல்லையே, அதுவும் பூஜ்யம்தான்" என்றனர். மீதிப்பேர் இரண்டாம் விதியை எண்ணி வாய்திறக்காமல் இருந்தனர்.

ஆசிரியை மீட்டரைக் காலி ஹோல்டரின் இரு முனைகளிலும் வைத்தார். முள் ஒரே தாவாகத் தாவி 4.5-இல் நின்றது!

பங்குகளைக் கூட்டினால் 4.5 வர வேண்டும் என்பது விதி. இரண்டு பல்புகளின் பங்கும் பூஜ்யம் என்றால், 4.5 வோல்ட்டும் எங்கே போகும்? எல்லாம் அந்த இடைவெளியில் வந்து நிற்கிறது. பெரிய தடைக்கே பெரிய பங்கு என்று முன்பு கண்டோம். காற்று இடைவெளியைவிடப் பெரிய தடை அந்தச் சுற்றில் வேறு எதுவும் இல்லை. ஆகவே அதுவே முழுப் பங்கையும் எடுத்துக்கொள்கிறது.

தண்ணீர்க் குழாயையும் நினைத்துப் பாருங்கள். குழாயை இறுக மூடிவிட்டால் தண்ணீர் ஓடுவதில்லை. ஆனால் தொட்டியின் அழுத்தம் முழுவதும் மூடிய இடத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கிறது. ஓட்டம் இல்லை என்பதால் அழுத்தம் இல்லை என்று ஆகிவிடுமா?

39 பல்புகளைத் தாண்டி வரும் 230 வோல்ட்

ஆய்வுக்கூடத்தில் 4.5 வோல்ட், தொட்டாலும் ஒன்றும் ஆகாது. வீட்டுச் சரத்தில் 230 வோல்ட். பல்பு கழற்றிய காலி ஹோல்டரின் இரு முனைகளுக்கிடையே 230 வோல்ட்டும் நிற்கும். எரியும்போது அதே ஹோல்டரில் இருந்தது 5.75 வோல்ட்தான். சரம் அணைந்த பிறகு, கெட்ட இடத்தில் மின்னழுத்தம் நாற்பது மடங்காகிவிடுகிறது!

"மின்சாரம் வருகிற பக்கத்தில் 39 பல்புகள் இருக்கின்றனவே, அவற்றைத் தாண்டி வருவதற்குள் குறைந்துவிடாதா?" என்று சிலர் கேட்கலாம். குறையாது. பல்பில் மின்னழுத்தம் குறைய வேண்டுமானால் அதில் மின்னோட்டம் ஓட வேண்டும். மின்னோட்டம் பூஜ்யமாயின் 39 பல்புகளிலும் குறைவு பூஜ்யமே. கடைசி ஹோல்டரின் கம்பியும் பிளக்கின் துளையைப் போலவே அபாயமானது.

ஈரக் கையுள்ள ஒருவர் அந்த இரு முனைகளையும் தொட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவர் உடலே நாற்பதாவது பல்பாகச் சுற்றில் சேர்ந்துவிடுகிறது. தோல் நனைந்திருக்கும்போது உடலின் மின்தடை ஏறக்குறைய 1000 ஓம் அளவிற்கு இறங்கிவிடக்கூடும்.

மொத்த மின்தடை = (39 × 60) + 1000 = 3340 ஓம்
மின்னோட்டம் = 230 ÷ 3340 = 0.069 ஆம்பியர்

அதாவது 69 மில்லி ஆம்பியர். இது பெரிய எண்ணாகத் தோன்றவில்லை. ஆனால் 1 மில்லி ஆம்பியர் அளவிலேயே உடலில் சுரீர் என்று உணர்கிறோம். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் தசைகள் இறுகி, பிடித்த கம்பியை விட முடியாமற் போகலாம். 30 மில்லி ஆம்பியரைக் கடந்தால் மூச்சுக்கும் இதயத்திற்கும் ஆபத்து. அணைந்து குளிர்ந்த இழைகளின் மின்தடை 60 ஓமைவிடக் குறைவு என்பதால், முதல் கணத்தில் பாய்வது நாம் கணக்கிட்டதைவிட அதிகமாகவே இருக்கும்.

உலர்ந்த கையாக இருந்து மின்தடை ஒரு லட்சம் ஓம் என்றால் 2 மில்லி ஆம்பியர் அளவே பாயும். "நான் எத்தனையோ தடவை தொட்டிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று சிலர் சொல்வதன் இரகசியம் இதுதான். அவர்களைக் காப்பாற்றியது அணைந்த சரம் அன்று, உலர்ந்த தோல். குடிலுக்குத் தண்ணீர் தெளித்துப் புல் வளர்க்கிறோம். மார்கழிப் பனியில் வாசல் நனைந்திருக்கிறது. பாத்திரம் கழுவிய கையோடு ஓடி வருகிறோம். அப்போது கணக்கு மாறிவிடுகிறது.

"ஃபியூஸ் இருக்கிறதே, அது போய்விடாதா?" என்று கேட்கலாம். 5 ஆம்பியர் ஃபியூஸ் 5 ஆம்பியருக்கு மேல் பாய்ந்தால்தான் உருகும். 0.069 ஆம்பியர் அதற்கு ஒரு பொருட்டே அன்று. ஃபியூஸ் கம்பியைக் காப்பதற்கே ஏற்பட்டது. இக்காலத்தில் பல வீடுகளில், மின்சாரம் தரையில் கசிந்தால் உடனே துண்டிக்கும் சாதனம் பொருத்தப்படுகிறது. அது மிகவும் நல்லது, கட்டாயம் வேண்டியது. ஆனால் ஒரே கையின் விரல்கள் காலி ஹோல்டரின் இரு முனைகளையும் தொடும்போது, ஒரு கம்பியில் வந்த மின்னோட்டம் மறு கம்பி வழியே திரும்பிவிடுகிறது. தரைக்குக் கசிவே இல்லை. ஆகவே அச்சாதனமும் சும்மா இருந்துவிடும்.

பல்பைக் கழித்துவிட்டு முடிச்சுப் போடலாமா?

கெட்ட பல்பை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு ஒயர்களையும் முறுக்கி டேப் ஒட்டிவிடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. சரம் மீண்டும் எரியும். இன்னும் பிரகாசமாகவே எரியும். ஏன்? கணக்கைப் பாருங்கள்.

40 பல்புகள்: ஒரு பல்புக்கு 5.75 வோல்ட்
39 பல்புகள்: 230 ÷ 39 = 5.90 வோல்ட்
35 பல்புகள்: 230 ÷ 35 = 6.57 வோல்ட்
30 பல்புகள்: 230 ÷ 30 = 7.67 வோல்ட்

ஒரு பல்பைக் கழித்தால் பெரிய வேறுபாடில்லை. ஐந்து, பத்து என்று போனால் மீதமுள்ளவை தாங்கக்கூடிய அளவை மீறிவிடுகின்றன. 40 பல்புகள் இருந்தபோது ஒரு பல்பு ஏறக்குறைய 0.55 வாட் சக்தியைச் செலவிட்டது. 30 ஆனபின் அதே பல்பு ஏறக்குறைய 1 வாட்டை நெருங்குகிறது. சூடு அதிகமாகிறது, பல்புகள் அடுத்தடுத்துக் கெடுகின்றன. காகித நட்சத்திரத்திலும் வைக்கோல் குடிலிலும் அந்தச் சூடு என்ன செய்யும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. கெட்ட பல்புக்குப் பதில் அதே வகைப் பல்பை மாட்டுவதே முறை.

இடைவெளியைப் பயன்படுத்திய அறிவாளிகள்

முழு மின்னழுத்தமும் இடைவெளிக்கு வந்துவிடும் என்னும் இதே உண்மையைச் சில பல்பு தயாரிப்பாளர்கள் நன்மையாக்கிக் கொண்டார்கள். சிலவகைச் சிறு பல்புகளின் உள்ளே, இழைக்குக் கீழே மெல்லிய கம்பிச் சுற்று ஒன்று இருக்கும். அதன்மேல் மின்சாரம் கடத்தாத மெல்லிய பூச்சு உண்டு. 5 அல்லது 6 வோல்ட்டிற்கு அப்பூச்சு அசையாது. இழை அறுந்தவுடன் முழு மின்னழுத்தமும் அந்தப் பல்புக்கு வருகிறது, பூச்சு உடைகிறது, கம்பிச் சுற்று புதிய வழியாகிவிடுகிறது. கெட்ட பல்பு மட்டும் இருண்டிருக்க, மற்றவை எரியும்.

சரம் தானாகவே மின்னி மின்னி அணைவதும் தொடர் இணைப்பின் விளையாட்டே. பழைய வகைச் சரங்களில் ஒரு தனிப் பல்புக்குள் இரு உலோகங்களை ஒட்டிய பட்டை இருக்கும். சூடானதும் பட்டை வளைந்து தொடர்பு விடுகிறது. ஆறியதும் மீண்டும் தொடுகிறது. வழி ஒன்றே என்பதால் அந்த ஒரு பல்பு கண் சிமிட்டினால் நாற்பதும் சிமிட்டும்.

இன்று கடைகளில் எல்.இ.டி. சரங்களே மிகுதி. அவை குறைந்த மின்சக்தியில் எரிவதால் சூடு குறைவு. அவற்றிலும் தொடர் இணைப்பு உண்டு. அளவுக்கு மேல் மின்னோட்டம் பாயாமல் தடுக்கத் தொடராக மின்தடையும் சேர்ப்பர். ஒரு சிறு கணக்கு: 9 வோல்ட் மின்கலத்தில் ஒரு சிவப்பு எல்.இ.டி.யை எரிக்க வேண்டும். அது ஏறக்குறைய 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், அதில் 0.02 ஆம்பியர் பாயலாம். மின்தடைக்கு மிஞ்சுவது 9 − 2 = 7 வோல்ட். வேண்டிய மின்தடை = 7 ÷ 0.02 = 350 ஓம். அறிவியல் கண்காட்சிக்கு எதையேனும் செய்ய விரும்பும் தோழியர் இதை முயன்று பார்க்கலாம். 230 வோல்ட்டில் எரியும் எல்.இ.டி. சரத்தின் அறுந்த இடமோ, இழைப் பல்புச் சரத்தைப் போன்றே ஆபத்தானது.

மின்பணியாளர் சட்டைப்பையில் செருகியிருக்கும் டெஸ்டரும் ஒரு தொடர் சுற்றே! அதன் நுனி, ஒரு பெரிய மின்தடை, சிறு நியான் விளக்கு, பிடித்திருப்பவர் உடல், தரை என்று எல்லாம் ஒரே வரிசையில் இருக்கின்றன. மின்தடை பத்து லட்சம் ஓம் என்றால் பாயக்கூடிய மின்னோட்டம் 230 ÷ 10,00,000 = 0.00023 ஆம்பியருக்கு மேல் போகாது. ஏறக்குறைய கால் மில்லி ஆம்பியர். நம்மால் உணரவும் முடியாது. பெரிய பங்கைத் தன்மேல் வாங்கிக்கொண்டு மனிதனைக் காப்பது அந்தச் சிறு மின்தடைதான்.

நாம் செய்ய வேண்டியவை

1. சரத்தைத் தொடுமுன் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும். இரண்டு முனைப் பிளக்கை எப்படித் திருப்பியும் செருகலாம். சுவிட்சும் சரியான கம்பியில்தான் இருக்கிறது என்பதற்கு உறுதி இல்லை.

2. பல்பு கழன்ற காலி ஹோல்டரைத் திறந்தபடி தொங்கவிடக் கூடாது. தம்பி தங்கையர் விரல் அங்குதான் முதலில் போகும்.

3. ஈரக் கையோடும், ஈரத் தரையில் வெறுங்காலோடும் மின்கருவிகளைத் தொடக் கூடாது.

4. ஒயரின் உறை கிழிந்த சரத்தை ஒட்டுப் போட்டுத் தொடர்ந்து பயன்படுத்தாமல் மாற்றிவிட வேண்டும்.

5. யாருக்கேனும் மின்சாரம் தாக்கினால் அவரைக் கையால் பிடித்து இழுக்கக் கூடாது. நாமும் அந்தத் தொடரில் சேர்ந்துவிடுவோம். முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். அது முடியாவிட்டால் உலர்ந்த மரக்கட்டையால் ஒயரைத் தள்ளிவிட்டு, உடனே மருத்துவ உதவிக்கு ஆள் அனுப்ப வேண்டும்.

தோழியரே! 'மின்னோட்டம் பூஜ்யம்' என்பதும் 'மின்னழுத்தம் பூஜ்யம்' என்பதும் ஒன்றல்ல. இந்த ஒரு வரியைப் பரீட்சைக்காக மட்டும் படித்து மறந்துவிடாதீர்கள். இவ்வாண்டு உங்கள் வீட்டில் சரம் அணைந்தால், "எரியாத சரத்தில் கரண்ட் ஏது?" என்று யாரேனும் கேட்பர். ஒரு தாளை எடுத்து 39 முறை பூஜ்யம் எழுதி, மீதிப் பங்கு எங்கே என்று அவரையே கேளுங்கள். அவர் விடையைக் கண்டுபிடிப்பதற்குள் நீங்கள் எழுந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.